டிபென்டன்ட்: மூன்று நூல்களும் ஒரு விடுதலைப் பத்திரமும்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதியில் மட்டும் ஆறு வீட்டுப் பெண்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "டல்லாஸ்ல வேலை பாக்கறானுங்க" என்போம். பெண்ணைப் பற்றிக் கேட்டால் "டல்லாஸ்ல இருக்குதுங்க" என்று முடித்துக்கொள்வோம். அந்த ஆறு பேரில் நான்கு பேர் பொறியியல் படித்தவர்கள். மூன்று பேர் கல்யாணத்துக்கு முன்பு சரவணம்பட்டியில் கணினி வேலை பார்த்தவர்கள். வேலை பார்ப்பதற்கும் வெறுமனே இருப்பதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். சியாங் பியாவ் எழுதி 2007இல் வந்த 'குளோபல் பாடி ஷாப்பிங்', ஏமி பட் எழுதிய 'ஹைடெக் ஹவுஸ்வைவ்ஸ்' (2018), பல்லவி பானர்ஜியின் 'தி ஆப்பர்ச்சூனிட்டி டிராப்' (2022). மூன்றும் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிட்ட கள ஆய்வு நூல்கள். கடந்த ஒரு வருடத்தில் அடுத்தடுத்துப் படித்தேன். படிக்க வைத்தது என் சித்தப்பா மகளிடமிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அவள் கணவனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இருக்கிற இடத்தில் இரவு பதினொரு மணிக்கும் வேலை சொல்லி அழைப்பு வரும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் விடுப்புக் கேட்கத் தயங்க வேண்டும். மாறிவிடலாம் என்று அவன் சொல்கிறான். வேண்டாம், இன்னும் நாலு மாதம் பொறுத்துக்கொள் என்று தடுத்துக்கொண்டிருப்பது இவள். "அவரு இப்ப மாறினாருன்னா என்ற கார்டு போனாலும் போயிருமுங்கக்கா. காலண்டர்ல கோடு போட்டு எண்ணிட்டு இருக்கறேன். நூத்தியெண்பதுல அறுபத்தஞ்சு ஆயிருச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் பண்ணி வெக்கறதைக் கால்கட்டுன்னு சொல்லுவாங்கல்ல, இப்ப நெசமாவே நான்தான் அவருக்குக் கால்கட்டு" என்றும் சொன்னாள்.

அந்த 180 நாள் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திறன் தொழிலாளருக்கான எச்-1பி விசா 1990ஆம் வருடத்துச் சட்டத்தில் பிறந்தது. இதில் தொழிலாளி மனுப் போட முடியாது, கம்பெனிதான் மனுதாரர். வேலை மாற வேண்டுமானால் புதிய கம்பெனி புதிதாக மனுப் போட வேண்டும். 2000 அக்டோபரில் வந்த ஒரு சட்டம் இதில் கதவைச் சற்றுத் திறந்துவிட்டது. புதிய மனு போய்ச் சேர்ந்ததுமே தொழிலாளி புதிய இடத்தில் சேரலாம். அது ஏற்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய முதலாளியின் சம்மதமும் வேண்டாம். வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய உரிமைதான். இதை அங்கே 'போர்ட்டபிலிட்டி' என்கிறார்கள். கையோடு எடுத்துப் போகும் உரிமை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

சிக்கல் அடுத்த படியில். கிரீன் கார்டுக்கான மனுவையும் கம்பெனிதான் போட வேண்டும். ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. அந்த மனு ஏற்கப்பட்டுவிட்டால், வரிசையில் நிற்கும் காலம் முழுக்க எச்-1பியை ஆறு வருடத்துக்கு மேலும் நீட்டிக்கலாம். மனைவிக்கும் வேலை அனுமதி அட்டை கிடைக்கும். அதுவும் 2015 மே 26 முதல்தான். அதற்கு முன்பு எச்-4 என்ற சார்பு விசாவில் போன மனைவி, தனக்கென்று ஓர் எச்-1பி குலுக்கலில் விழுந்தாலொழிய, ஒரு மணி நேரக் கூலி வேலைகூடப் பார்க்க முடியாது. மனு ஏற்கப்பட்ட 180 நாளுக்குள் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுவிட்டால் கணவனின் நீட்டிப்புக்கும் மனைவியின் அட்டைக்கும் அடிப்படை போய்விடும். 180 நாள் தாண்டிவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. விட்டுப் போன ஆளின் மனுவைத் திரும்பப் பெற எல்லாக் கம்பெனியும் மெனக்கெடுவதில்லை. பெற முடியும் என்பதே இரண்டு பேரையும் கட்டிப் போடப் போதுமானது.

இந்தக் கட்டு யாருடைய காலில் என்பதில்தான் மூன்று நூல்களும் வேறுபடுகின்றன.

சியாங் பியாவ் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் கள ஆய்வு செய்தவர். கணினித் தொழிலாளர்களை விசாவோடு கூட்டி வந்து, வேலை வரும்வரை 'பெஞ்சில்' உட்கார வைத்து, கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் தரகர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நூலில் என்னை உலுக்கிய பகுதி தரகர்களைப் பற்றியதல்ல, வரதட்சணையைப் பற்றியது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு எளிதாக ஆட்களை இடம் மாற்ற ஒரு தொழிலால் எப்படி முடிகிறது என்று கேட்டுக்கொண்டே போகும் அவர், ஆந்திரக் கிராமங்களின் விவசாய உபரியில் போய் நிற்கிறார். அந்த உபரி பெண்ணின் வரதட்சணையாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. பையனின் படிப்புச் செலவும் தரகர் கட்டணமும் அதை நம்பி நடக்கின்றன. விசா வந்தால் மாப்பிள்ளையின் விலை ஏறுகிறது. உலகத் தகவல் தொழில்நுட்பத்துக்கு மானியம் கொடுப்பது பெண்ணைப் பெற்ற வீடு. இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நம் பக்கத்தில் யாரும் தொகை கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். "நாங்க எதுவும் கேக்கறதில்லீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க." கேட்காமலே எத்தனை பவுன் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். எச்-1பி ஆறு வருடக் கெடுவுக்குள் இருக்கிறதா, கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் இப்போது ஜாதகத்தோடு சேர்த்து விசாரிக்கிற விவரங்கள். என் குறை ஒன்றுதான்: பணத்தின் வழித்தடத்தை இவ்வளவு கூர்மையாகப் பின்தொடர்ந்த சியாங், அந்தப் பணத்தோடு விமானம் ஏறியவளை அவ்வளவாகப் பின்தொடரவில்லை.

அவளைப் பின்தொடர்ந்தவர் ஏமி பட். சியாட்டிலில் அவளோடு உட்கார்ந்து பேசி, திரும்பி வந்தவர்களைப் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பார்த்திருக்கிறார். கணினித் தொழிலாளி எந்த ஊருக்கும் எந்த நேரத்திலும் நகரத் தயாராக இருக்கிறான் என்றால், அந்தத் தயார்நிலையை உண்டாக்கித் தருவது மனைவியின் கூலியில்லா வீட்டுழைப்பு என்கிறார். பெண்ணியம் அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஆனால் அதை விசா காகிதத்தோடு பொருத்திப் பார்க்கும்போது புதிய விவரங்கள் தென்படுகின்றன. கம்பெனி மாறுவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற செயலில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று என் தங்கையிடம் கேட்டு எழுதி வைத்தேன். குத்தகை முடியுமுன் வீட்டைக் காலி செய்வதற்கான அபராதம். பிள்ளைக்குப் புதுப் பள்ளி, ஊசி போட்ட பதிவுகள். கம்பெனியோடு சேர்ந்து மாறும் மருத்துவக் காப்பீடு. கர்ப்பமாக இருந்தால் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரை விட வேண்டியும் வரலாம். பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் தங்கும் அனுமதி முடிகிற தேதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கும்வரை பால் வாங்கவும் யாரையாவது கேட்க வேண்டும். பிரசவத்துக்கு அம்மா ஒரு ஆறு மாதம், மாமியார் ஒரு ஆறு மாதம் என்று போட்டு வைத்த திட்டத்தை மாற்றி, டிக்கெட்டை மாற்றி, இரண்டு பேருடைய மனத்தாங்கலையும் ஆற்ற வேண்டும். இதில் ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு இது ஒரு மனு, ஒரு கட்டணம், ஒரு ரசீது.

பானர்ஜியின் நூல்தான் மூன்றில் சிறந்தது. காரணம் அவர் செய்த ஒப்பீடு. ஆண் தொழிலாளியாகவும் பெண் சார்ந்தவளாகவும் போன கணினிக் குடும்பங்களை ஒரு பக்கமும், பெண் செவிலியராகவும் ஆண் சார்ந்தவனாகவும் போன குடும்பங்களை மறுபக்கமும் வைக்கிறார். விசா மட்டுமே ஒருவரைத் தாழ்த்துகிறது என்றால் செவிலியரின் கணவனும் கணினிக்காரரின் மனைவியும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இல்லை. செவிலியரின் கணவன் வீட்டில் இருக்கிறான், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான், நொந்துபோகிறான். அவன் மனம் கோணாமல், குடும்பத் தலைவன் என்ற பட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவளுக்குக் கூடுதல் வேலையாகிறது. வீட்டில் இருக்கும் மனைவியின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள யாருக்கும் அப்படி வேலை ஒதுக்கப்படவில்லை. விசாவும் ஆணாதிக்கமும் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கின்றன என்பதை இந்த இரட்டைச் சித்திரம் காட்டுமளவுக்கு எந்தக் கோட்பாடும் காட்டாது. 2017 டிசம்பர் வரை முதல்முறை அட்டை பெற்ற எச்-4காரர்கள் 90,946 பேர். அட்டை பெற்றவர்களில் 93 விழுக்காட்டினர் பெண்கள், 93 விழுக்காட்டினர் இந்தியாவில் பிறந்தவர்கள். இருபாலருக்கும் பொதுவாக எழுதிய விதி, யார் மீது விழுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

என் கருத்து வேறுபாடு இதற்குப் பிறகு தொடங்குகிறது. இந்த நூல்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் தீர்வு, மனைவிக்கும் வேலை அனுமதி கொடு என்பது. அதற்காக நடந்த போராட்டத்தைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. அட்டையை ஒழிக்கப் போட்ட வழக்கு 2015இல் தொடங்கி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தபோதுதான் முடிந்தது. அதே அக்டோபர் 30 முதல், அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு நிறுத்தப்பட்டது. பழைய அட்டை முடிகிற நாளில் புதியது கைக்கு வராவிட்டால் அன்றோடு வேலை நிற்கும். பத்தாண்டு காப்பாற்றியதை ஒரு விதியால் அரைகுறையாக்கிவிட முடிகிறது.

ஆனால் அட்டை முழுமையாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அட்டையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது கையில் இருக்கும் பெண் எந்தக் கம்பெனியிலும் சேரலாம், நாளைக்கே விட்டுவிடலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். யாரும் மனுப் போட வேண்டாம். வேலை மாறும் சுதந்திரத்தில் அவள் எச்-1பி கணவனைவிட மேலே இருக்கிறாள். அவளால் மாற்ற முடியாதது ஒன்றுதான்: அவளுடைய மனுதாரர். அது கம்பெனி இல்லை, கணவன். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் திறன் விசாக்காரரின் துணைக்கு வேலை செய்ய இப்படி அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கேயும் துணையின் தங்கும் உரிமை முதன்மை விசாக்காரரின் காகிதத்தில்தான் தொங்குகிறது.

முதலாளியை விட்டு விலக நினைக்கும் தொழிலாளிக்கு 2000இல் ஒரு சட்டம் வந்தது. வேலை பறிபோனவனுக்கு வேறு இடம் தேட 60 நாள் அவகாசம் தரும் விதி 2017 ஜனவரியில் வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்த அவகாசத்தை 180 நாளாக்கியது. கொடுமைக்காரக் கணவனை விட்டு விலகும் எச்-4 மனைவிக்கு என்ன இருக்கிறது? விவாகரத்துத் தீர்ப்பு வருகிற அன்று அவளுடைய தகுதி முடிகிறது. வேலை முறிந்தவனுக்கு 60 நாள் கொடுத்த விதி, மணம் முறிந்தவளுக்கு ஒரு நாளும் கொடுக்கவில்லை. அடிபடும் எச்-4 மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்று 2005ஆம் வருடத்துப் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத் திருத்தம் சொன்னது. அதற்கான படிவம் வரவே பத்தாண்டுக்கு மேலாயிற்று. அந்த அனுமதியும் வேலைக்குத்தான். தங்கும் உரிமையை அது அவள் பெயருக்கு மாற்றிவிடவில்லை. வேலை செய்யும் உரிமையைக் கேட்ட வேகத்தில், விலகிப் போகும் உரிமையை நாம் கேட்க மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். 'கையோடு எடுத்துப் போகும் உரிமை' மனைவிக்கு வேண்டும்.

இப்படி எழுதும்போது எனக்கே ஒரு கேள்வி வருகிறது. பவுன் போட்டு விமானம் ஏற்றி அனுப்பப்பட்ட, நிலமுள்ள சாதிப் பெண்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாயே, இதே மாவட்டத்து மில் விடுதிகளில் இருந்தவர்கள் கண்ணில் படவில்லையா என்று. பட்டார்கள். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம் பெயர் வைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பதின்பருவப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தன. மாதாமாதம் சொற்பக் கூலி; மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. இடையில் விலகினால் அந்தத் தொகை இல்லை. ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. வந்தவர்களில் பெரும்பகுதி தென் மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைப் பெண்கள், நிறையப் பேர் தலித்துகள். 2011இல் வெளியான 'கேப்ச்சர்டு பை காட்டன்' அறிக்கைக்குப் பிறகு ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் வரை இந்தப் பேச்சு போனது.

இரண்டும் ஒன்று என்று சொன்னால் அது அநியாயம். பஞ்சுத்தூசியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவளும், குளிரூட்டிய வீட்டில் அட்டைக்குக் காத்திருப்பவளும் ஒரே சுமையைச் சுமக்கவில்லை. ஆனால் கட்டின் வடிவம் ஒன்று. கடைசியில் கிடைக்கப்போகும் ஒரு மொத்தப் பரிசு. அதுவரை இடம் மாறாதே. மாறினால் இதுவரை இருந்ததெல்லாம் வீண். இரண்டு இடத்திலும் அந்தப் பரிசு கல்யாணத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. மில் பெண்ணுக்காக உச்சுக்கொட்டிய எங்கள் வீதிக்காரர்களால், தங்கள் வீட்டுப் பெண் கழுத்தில் அதே முடிச்சைப் பார்க்க முடியவில்லை. மில்லில் அது சுரண்டல். நம் வீட்டில் அது நல்ல சம்பந்தம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. டி.எஸ். அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இங்கே இருக்கிறது. பையன்களுக்கான பாலிடெக்னிக்கும் அதில் உண்டு. 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் இங்கேதான். பையன்கள் அங்கே படித்து இங்கே வேலைக்குச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அதே அவினாசிலிங்கம் பெண்களுக்காக 1957இல் கோவையில் தொடங்கியது மனையியல் கல்லூரி. அது வளர்ந்து நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி இன்று பெண்களுக்குப் பொறியியலும் கற்றுக்கொடுக்கிறது. பொறியியல் முடித்தவளை எச்-4 மறுபடி மனையியலுக்கு அனுப்பிவைக்கிறது.

மூன்று நூல்களிலும் நான் தேடிக் கிடைக்காத ஒன்று நிலம். மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சோளக்காடுகள் மனைகளாகிவிட்ட ஊர் இது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் மத்தியச் சட்டமும் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்துவிட்டன. சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் காகிதத்துக்கு எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: விடுதலைப் பத்திரம். என் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று மகள் எழுதித் தருவது. விடுதலை அவளுக்கு அல்ல, சொத்துக்கு. வெளிநாட்டில் இருக்கும் பெண்ணென்றால் ஒரு பவர் எழுதி அனுப்பினால் போதும், இங்கே அவள் சார்பில் யாராவது கையெழுத்திடுவார்கள். "அதுதான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே, அப்பறம் என்ன கண்ணு" என்பார்கள். போட்ட பவுன் எந்த வங்கி லாக்கரில், யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு கதை.

60 நாளுக்குள் கணவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வர வேண்டும். மணம் முறிந்தாலும் திரும்பி வர வேண்டும். எங்கே வருவது என்ற கேள்வியை விசாவைப் பற்றிய நூல்கள் அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்கின்றன, அல்லது பெங்களூர் அடுக்குமாடி வரை வருகின்றன. ஒரு பெண் அங்கே எதையெல்லாம் சகித்துக்கொண்டு நாளை எண்ணுகிறாள் என்பது, இங்கே அவள் பெயரில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்த நாட்டுச் சட்டம் அவளைக் கணவனோடு கட்டுகிறது. இந்த ஊர்ப் பத்திரம் அவள் திரும்பி நிற்க இருந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கட்டு இறுகுவது இரண்டு முனையிலும் இழுப்பதால்தான். பானர்ஜியின் நூலுக்கு ஒரு பின்னிணைப்பு எழுதச் சொன்னால் நான் சிகாகோ போக மாட்டேன், எங்கள் பதிவு அலுவலகத்தின் திண்ணையில் ஒரு மாதம் உட்காருவேன்.

என் தங்கை 180 நாளையும் எண்ணி முடித்தாள். அந்த வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அவள் கணவன் இரண்டு மாதம் கழித்து இன்னொரு கம்பெனிக்கு மாறினான், ஊரும் மாறினார்கள். பழைய கம்பெனி மனுவைத் திரும்பப் பெறவில்லை. அவளுடைய அட்டை இருக்கிறது. ஆனால் புது ஊரில் பிள்ளைக்குப் பள்ளி தொடங்கும்வரை வேலை தேடவில்லை. போன வாரம் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னாள், சித்தப்பா ஒரு பவர் மாதிரியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறாராம், தம்பி மனை பிரித்து விற்கப் போகிறானாம், ஒரு கையெழுத்துத்தானாம்.

"போடட்டுமாக்கா?" என்றாள்.

போடாதே என்று சொல்வது எனக்கு எளிது. சித்தப்பா வீடு எனக்குப் பக்கத்து வீடு. நாளைக்குக் காலையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான்தான். உன் பங்கு என்ன, எத்தனை சென்ட், இன்றைய விலை என்ன என்று முதலில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேள் என்றேன். கேட்டாளா என்று தெரியவில்லை. நோட்டரியிடம் போக இன்னும் நாள் குறிக்கவில்லை என்று மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறாள்.